கண்டி அணிந்த கவசம்

கவசத்துக்குப் பழந்தமிழில் மெய்ம்மறை என்று பெயர். பதிற்றுப்பத்து சேர மன்னனையே வீரர்களின் மெய்ம்மறை என்று அழைக்கிறது. கவசம் இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்டி இராச்சியத்தின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு இந்த உண்மையே தெளிவாகிறது.

போர்த்துக்கேயர் இரும்புத் தொப்பியும் மார்புக் கவசமும் அணிந்து போரிட அறிந்தவர்கள். கண்டி வீரனோ பெரும்பாலும் திறந்த மேனியோடு வில்லும் ஈட்டியும் துவக்கும் ஏந்தியவன். ஆயினும் 1594இல் தந்துரேயில் அழிந்தது போர்த்துக்கேயர் படைதான். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையில் அழிந்ததும் அவர்கள் படையே. கன்னொறுவை, பேராதனைப் பூங்காவுக்கு எதிரே மகாவலியின் மறுகரையில் உள்ள இடம். தளபதி தியோகு டி மெலோ தலைநகருக்குள் புகுந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. தீ மூட்டிவிட்டுத் திரும்பிய படையை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வழிமறித்துச் சூழ்ந்துகொண்டார்கள். இரும்பு காக்கவில்லை.

காத்தது எது? 1660இல் சிறைப்பட்டு, 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் விடை தருகிறார். பாதைகள்தோறும் முட்கதவுகள், காவல்கள். வெளியில் எதிர்நின்று பொருதாமல் காட்டில் பதுங்கித் தாக்கும் முறை. கால்களை மொய்க்கும் அட்டைகளைப் பற்றியும் எழுதுகிறார். எலுமிச்சையும் உப்பும் துணியில் முடிந்து கோலிற் கட்டி, அட்டைகளைத் தட்டி விழுத்துவார்களாம். காடுதான் கண்டியின் மெய்ம்மறை.

அந்தக் கவசத்தைப் பகைவர் கிழிக்கவில்லை. அது உள்ளிருந்தே கழற்றப்பட்டது. மன்னனோடு பிரதானிகள் பகைத்தார்கள். 1815 மார்ச் 2இல் ஒப்பந்தம் வந்தது. அதில் சிலர் தமிழெழுத்திலும் கையொப்பமிட்டார்கள். பின்னர், ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி மலையை ஊடறுத்தது. அடுத்துக் கோப்பி வந்தது, காடு வீழ்ந்தது.

காட்டை வெட்டியவர்களுள் தமிழகத்திலிருந்து நடந்தே வந்த எம்மவரும் இருந்தனர். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவர்களுக்கு மலைக்குளிரிலும் மழையிலும் இருந்த மெய்ம்மறை, தோட்டத்துக் கறுப்புக் கம்பளி ஒன்றே. மன்னர்களின் வாளையும் கேடயத்தையும் நூதனசாலையில் வைத்துப் போற்றுகிறோம். கண்டி மலைகளின் கவச வரலாற்றில் அந்தக் கம்பளிக்கும் ஓர் இடம் உண்டு என்பதே என் துணிபு.