வாயடைத்த பெட்டி

யந்திரங்கள் கெட்டுப்போவதில் பல தினுசு உண்டு. மாவு மில்லில் கோளாறு என்றால் பெல்ட் கருகும் நாற்றம் தெருவுக்கு வந்துவிடும். பம்புசெட் கெட்டால் முனகும். பஸ் நின்றுவிட்டால் பிரயாணிகளே இறங்கித் தள்ளுவார்கள். இவையெல்லாம் தாம் கெட்டுப்போன சங்கதியை ஊருக்கு அறிவித்துவிட்டே கெடுகின்றன. கம்ப்யூட்டரில் சப்தம் நின்றுபோவது அப்படிப்பட்டதல்ல. திரை பளிச்சென்று எரிகிறது, எழுத்துக்கள் வருகின்றன, பாட்டு ஓடுவதாகக் காட்டும் கோடு கூட ஒழுங்காக நகர்கிறது. காதில் மட்டும் ஒன்றும் விழுவதில்லை.

லினக்ஸ் என்னும் ஏற்பாட்டில் ஓடுகிற பழைய மடிக்கணினிகளுக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. கதை எழுதிப் பிழைக்கும் நான் பன்னிரண்டு வருஷமாக லினக்ஸில்தான் எழுதுகிறேன். ஆகவே குறை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் குறை சொல்லி முடிப்பதைவிட, இந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைச் சொல்வது சுவாரசியமான காரியம்.

கள்ளக்குறிச்சிச் சீமைக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் சர்க்கார் மூலமாக வந்தது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், உமாசங்கர் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்த காலத்தில், தன் அலுவலக மேஜைகளிலிருந்து விண்டோஸை இறக்கிவிட்டு சூஸே லினக்ஸை ஏற்றியது. 2007 ஜனவரியில் சென்னையிலுள்ள ஸிடாக் நிலையம் டெபியனை அடியாகக் கொண்டு 'பாஸ்' என்ற பாரத லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் ஒரு பக்கம் விண்டோஸும் மறு பக்கம் பாஸ் லினக்ஸும் குடியிருந்தன. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக் குடித்தனம் செய்த மாதிரி. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவது அடுப்பை மூட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. கல்வராயன் மலைக்கும் போயின.

பெட்டிக்கு வயதாகிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் பதினொன்றோ பழைய பெட்டிகளை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. பெட்டியை எறிய மனமில்லாதவர்கள் லினக்ஸை நாடுகிறார்கள். அங்கேதான் மௌனம் காத்திருக்கிறது.

இனிச் சரித்திரம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் 1991இல் லினக்ஸை எழுதியபோது அதற்கு வாய் கிடையாது. அக்காலத்தில் கம்ப்யூட்டருக்குச் சப்தம் வேண்டுமென்றால் தனியே ஓர் அட்டை வாங்கிச் சொருக வேண்டும். அந்த அட்டைகளில் உலகத்தை ஆண்டது ஸவுண்ட் பிளாஸ்டர். 1989இல் அதைக் கொண்டுவந்தது ஸிங்கப்பூரில் ஸிம் வோங் ஹூ என்பவர் நிறுவிய கிரியேட்டிவ் கம்பெனி. இந்த அட்டையை லினக்ஸோடு பேச வைத்தவர் ஹன்னு ஸவோலைனன் என்ற இன்னொரு பின்லாந்துக்காரர். வருஷம் 1992. அப்புறம் லினஸ் தம் சொந்தக் குரலில், லினக்ஸ் என்ற பெயரைத் தாம் எப்படி உச்சரிக்கிறார் என்று சொல்லிப் பதிவு செய்து சுற்றுக்கு விட்டார். அட்டையைப் பூட்டியவர்கள் அது பேசுகிறதா என்று சோதிக்க அந்தப் பதிவையே ஓடவிட்டார்கள்.

ஸவோலைனனின் முறை எளிமையானது. சப்தம் என்பது ஒரு கோப்பு. அதில் எதைக் கொட்டினாலும் ஒலிபெருக்கியில் வந்து விழும். கடிதத்தைக் கொட்டினால் கூட இரைச்சலாகக் கேட்கலாம். ஒரே சங்கடம், பெரும்பாலான அட்டைகளில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் கொட்ட முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கடிகார மணி அடிக்காது. அது தவிர, அந்த முறையில் சில பாகங்கள் வியாபாரச் சரக்காகவும் மாறின. லினக்ஸ்காரர்களுக்கு இது உறுத்திற்று. 1998இல் யாரோஸ்லாவ் கிஸேலா என்ற செக் தேசத்து இளைஞர் 'ஆல்ஸா' என்ற புது ஏற்பாட்டைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6இல் ஆல்ஸா பட்டத்துக்கு வந்துவிட்டது.

ஆல்ஸா ஒரு விநோதமான வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தது. முதன்முறை கண் விழிக்கும்போது எல்லா வாய்க்கால்களையும் அடைத்தே வைக்கும். அட்டையின் மறுமுனையில் இருப்பது சின்ன இயர்போனா, கல்யாண வீட்டு ஆம்ப்ளிபயரா என்று அதற்குத் தெரியாது. திடீரென்று அலறிக் காதையோ கருவியையோ கெடுத்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் தெரியாமல், 'என் அட்டை செத்துவிட்டது' என்று அட்டையையே மாற்றியவர்கள் உண்டு. ஆல்ஸாமிக்ஸர் என்ற கட்டளையைக் கொடுத்தால் வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். அடியில் இரண்டு 'எம்' இருந்தால் பூட்டு என்று அர்த்தம். விசைப்பலகையில் 'எம்' எழுத்தை ஒரு தட்டுத் தட்டினால் பூட்டுத் திறக்கும். இன்றைக்கும் சப்தம் வராத பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆல்ஸாவின் தலைக்கு மேல் 2004இல் இன்னொருவர் ஏறினார். லென்னார்ட் பொட்டரிங் என்ற ஜெர்மானியர் எழுதிய பல்ஸ்ஆடியோ. பல பேருடைய சப்தங்களை வாங்கிக் கலந்து கீழே அனுப்புவது அதன் உத்தியோகம். பெடோரா 2007இலும் உபுண்டு 2008இலும் அதை அமர்த்திக்கொண்டன. அவசரப்பட்டு அமர்த்திக்கொண்டன என்பது என் அபிப்பிராயம். அந்த இரண்டு மூன்று வருஷம் லினக்ஸ்காரர்கள் பொட்டரிங்கைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. அதற்கும் பிறகு விம் டெய்மன்ஸ் எழுதிய பைப்ஒயர் வந்தது. 2021இல் பெடோரா அதை ஏற்றது. பைப்ஒயர் கெட்டிக்காரப் பிள்ளை. பழைய புரோகிராம்கள் வந்து 'பல்ஸ்ஆடியோ இருக்கிறாரா?' என்று கேட்டால், 'நான்தான் அவர்' என்று கூசாமல் பதில் சொல்லும்.

கல்வராயன் மலையின் பழங்கதை தெரிந்தவர்களுக்கு இந்த அடுக்குகள் புதிதல்ல. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் மலை இருந்தது. தேசம் சுதந்திரம் அடைந்து இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகியும், 1976இல் ஜாகீர் ஒழிகிற வரையில் மலையாளிக் குடிகள் வரி கட்டியது அவர்களிடம்தான். கோட்டையில் ஆட்சி மாறியதெல்லாம் மலைச் சரிவுக்கு வந்து சேர நடுவில் இருப்பவர் மனம் வைக்க வேண்டும். லினக்ஸில் சப்தமும் இப்படித்தான் இறங்கி வருகிறது. பாட்டுக்கார புரோகிராம் பைப்ஒயரிடம் கொடுக்கிறது; பைப்ஒயர் ஆல்ஸாவிடம்; ஆல்ஸா ஒலிச் சில்லிடம்; சில்லு ஒலிபெருக்கியிடம். எந்த இடைக்காரர் கையை மடக்கினாலும் கடைசியில் இருப்பவருக்குக் கிடைப்பது மௌனம். எவர் மடக்கினார் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்.

சென்ற மார்கழியில் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். அங்கே ஆசிரியராக இருக்கும் என் சிநேகிதர், அடுத்த ஊரில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். தினையும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பம். மகள் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவள். அண்ணனுடைய பழைய மடிக்கணினியில் யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் ஓர்கா என்ற திரை வாசிப்பான் உண்டு. திரையில் உள்ளதையெல்லாம் எடுத்து ஈஸ்பீக் என்ற குரலிடம் கொடுக்கும். ஈஸ்பீக்குக்குத் தமிழும் தெரியும். பல்லில் கல்லைக் கடித்த மாதிரித் தமிழ், ஆனாலும் தமிழ்.

மூன்று வாரமாகப் பெட்டி பேசவில்லை. நமக்குச் சப்தம் போனால் பாட்டுப் போயிற்று, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குத் திரை, எழுத்து, பாடம், கடிகாரம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. கோளாறு எங்கே என்று தேடுவதற்குக் கூடப் பெட்டி பேசியாக வேண்டும்! கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டியதில், ஒரு கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார். தைமாதம் முடிந்தால் பரீட்சை.

"வேற வாங்கத்தான் வேணும்னு சொல்றாங்க ஐயா. மரவள்ளி வித்த காசு பத்தாது" என்றார் தகப்பனார்.

நான் பெட்டியைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். ஆல்ஸாமிக்ஸரில் 'எம்' இல்லை. ஏபிளே என்ற கட்டளைக்குச் சப்த அட்டைகளின் ஜாபிதா வந்தது. ஆகவே சில்லு உயிரோடு இருந்தது. சில பெட்டிகளில் டெலிவிஷனுக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வழிதான் முதல் அட்டையாக உட்கார்ந்துகொண்டு, இல்லாத டெலிவிஷனுக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கே அதுவும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹெட்போன்' என்று இருந்தது. பெட்டியில் இயர்போன் எதுவும் சொருகியிருக்கவில்லை.

"இயர்போன் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. பெட்டி கீழ விழுந்தப்ப முறிஞ்சிபோச்சு."

"பெட்டி எப்போ பேச்சை நிறுத்திச்சு?"

அவள் சற்று யோசித்தாள். "அன்னிக்குத்தாங்க ஐயா" என்றாள்.

சிநேகிதர் டார்ச்சை அடித்தார். துளையின் உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு பொட்டு மின்னிற்று. இயர்போன் முனை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. இயர்போன் சொருகியிருக்கிறது என்றே பெட்டி மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்தது; இல்லாத காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்தது.

பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவாக இருந்தால் அந்த முனையைப் பிடுங்கினால் ஒழிய வழியில்லை. அதில் முனையை நுழைத்தால் ஒரு தகடு விலகி, ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியே அறுபட்டுவிடும். 2004இல் இன்டெல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோ என்ற முறையில் இது மாறிவிட்டது. முனை நுழைந்திருக்கிறது என்று துளை சேதி மட்டும் சொல்லும். ஒலிபெருக்கியை அடைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது டிரைவர். ஆகையால் தீர்மானத்தை மாற்றலாம். ஆல்ஸாமிக்ஸரில் வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், கடைசியில் 'ஆட்டோ மியூட்' என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்தினேன். பிறகு மேலடுக்கின் கட்டுப்பாட்டுப் பலகையில், ஹெட்போனுக்குப் பதில் ஒலிபெருக்கியைக் குறித்தேன். மேலடுக்கை விட்டுவிட்டுக் கீழடுக்கை மட்டும் மாற்றினால் மேலே இருப்பவர் மறுபடி அடைத்துவிடக்கூடும் என்பது கவனிக்க வேண்டியது. ஆல்ஸாகன்ட்ரோல் ஸ்டோர் என்று கட்டளையிட்டு இந்த ஏற்பாட்டைப் பதிவும் செய்துவைத்தேன்.

பெட்டி பேசிற்று. திரையில் திறந்திருந்த ஜன்னலின் பெயரைக் கரகரவென்று படித்தது. தகப்பனார் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். அந்தப் பெண் தலையை ஒருபுறமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வேகத்தைக் குறைச்சிட்டீங்களா ஐயா? நான் இன்னும் வேகமா வெச்சிருப்பேன்" என்றாள். நான் வேகத்தைத் தொடவே இல்லை. மூன்று வாரம் கேட்காததால் மெதுவாகத் தோன்றிற்று போலும். அவளே விசைகளைத் தட்டி ஏற்றிக்கொண்டாள்; அதன் பிறகு அது சொன்னதில் ஒரு வார்த்தை கூட எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிற்று.

எல்லாப் பெட்டிகளும் இவ்வளவு சுலபத்தில் வழிக்கு வருவதில்லை. எச்.டி. ஆடியோவில் ஒலிச் சில்லின் எந்தக் காலில் ஒலிபெருக்கியைக் கட்டுவது, எதில் மைக்கைக் கட்டுவது என்பது பெட்டி செய்கிறவரின் இஷ்டம். கட்டிய விதத்தைப் பயாஸ் என்ற குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. பல கம்பெனிகள் அதைத் தப்பும் தவறுமாக எழுதின. விண்டோஸுக்குத் தனி டிரைவர் கொடுத்துச் சமாளித்துக்கொண்டன. லினக்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? சூஸே நிறுவனத்தைச் சேர்ந்த டகாஷி இவாய் என்ற ஜப்பானியர் பல வருஷங்களாக இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்திச் சேர்த்து வருகிறார். இன்ன கம்பெனியின் இன்ன எண்ணுள்ள பெட்டியில் இன்ன காலுக்கு இன்ன வேலை என்று ஒரு வரி. ரியல்டெக் சில்லுகளுக்கான கோப்பு ஒன்றே பத்தாயிரம் வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. திருத்த வரிகளில் பலவற்றுக்குப் பின்னால், எங்கோ ஓர் ஊரில் பெட்டியைத் திறந்து பாட்டைப் போட்டு ஒன்றும் கேட்காமல் போன ஒருவர் இருக்கிறார். ஆல்ஸா இன்போ என்ற கட்டளையை ஓட்டி, தம் பெட்டியின் உள்விவரம் முழுவதையும் சிரமப்பட்டு அனுப்பியவர்.

2025இல் வந்த லினக்ஸ் 6.17இல் அந்தப் பெரிய கோப்பைச் சில்லு வாரியாகப் பிரித்துத் தனித்தனியாக அடுக்கிவிட்டார்கள். வெள்ளிமலைப் பக்கத்துப் பெட்டிக்கு அதில் எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. பித்தளை முனை இன்னும் அதன் துளைக்குள்தான் இருக்கிறது.