லேபிள் இல்லாத கிட்டார்

இந்தக் கிட்டாரில் எழுத்து என்று இருப்பது இரண்டே இடத்தில்தான். தலையின் பின்பக்கம் மரத்தில் அழுத்திப் பதித்த 'ஜெர்மனி' என்ற ஆங்கில முத்திரை. உள்ளே பின்பலகையில் பென்சிலால் எழுதிய ஓர் எண். ஒலித்துளை வழியாகப் பார்த்தால், வழக்கமாக லேபிள் ஒட்டும் இடம் வெறும் மரமாக இருக்கிறது. பசைக் கறை இல்லை, காகித நார் இல்லை, மரத்தின் நிறத்தில் வேறுபாடும் இல்லை. ஒட்டியிருந்து உதிர்ந்த லேபிள் இல்லை. இதில் லேபிளே ஒட்டப்படவில்லை.

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தின் கிட்டார் இது. வேப்பேரியில் இருக்கும் என் பட்டறைக்கு அந்த வீட்டு ஆன்ட்டி கொண்டுவந்தார். "சத்தம் வந்தா சந்தோஷம்தான்பா. ஆனா இதை யார் செஞ்சதுன்னு முதல்ல பார்த்துச் சொல்லு. பேரன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். பழைய வாத்தியத்தோடு வருகிற எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இந்த மாதிரிக் கிட்டாருக்கு உண்மையான பதில் ஒரு மனிதரின் பெயராக இருக்க முடியாது. ஏன் என்பதற்கு ஒரு ஊரின் வரலாற்றையே சொல்ல வேண்டும்.

முதலில் கிட்டாரிடமே கேட்க வேண்டும். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். ஆனால் வெளிப்பக்கம் கருஞ்சிவப்புச் சாயம் பூசி, ஈட்டி மரத்தின் வரிகளைத் தூரிகையால் வரைந்திருக்கிறார்கள். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால் வெளுத்த மேப்பிள் தெரிகிறது. விலை குறைந்த மரத்துக்கு விலை உயர்ந்த மரத்தின் தோற்றம். கடைச் சரக்கு என்பதற்கு இது முதல் அடையாளம். மேற்பலகைக்கு அடியில் இருக்கும் சட்டங்கள் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மெல்லிய சட்டங்கள். நரம்புத் தந்திகளின் இழுப்பைத் தாங்கவே செய்யப்பட்டவை. பிற்காலத்தில் யாரோ எஃகுத் தந்தி மாட்டியதால்தான் குதிரைக்குப் பின்னால் பலகை உப்பியிருக்கிறது.

இணைப்புகளில் இருப்பது வஜ்ஜிரம். சூடும் ஈரமும் காட்டினால் இளகுகிறது. செயற்கைப் பசைகளில் பல அவ்வளவு எளிதில் இளகாது. பாலிஷ் அரக்கு. புறஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது, யாரும் பார்க்காத மூலையில் ஸ்பிரிட் தொட்டால் கரைகிறது. 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பரவத் தொடங்குவதற்கு முன்னால் ஐரோப்பிய வாத்தியங்களின் மினுமினுப்புக்குப் பெரும்பாலும் அரக்குதான் காரணம். அந்த நாளில் உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் காடுகளில் எடுத்து, கல்கத்தாவில் கப்பலேறியது. நம் நாட்டு அரக்கு கடல் கடந்து போய், ஒரு கிட்டாரின் மேல் பூச்சாகப் பெரம்பூருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பூச்சைத் துடைக்கவே கை வருவதில்லை.

அடுத்து முத்திரை. ஒரு ஜெர்மன் பொருளில் ஏன் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர்? 1887இல் பிரிட்டன் வணிகக் குறிகள் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கு என்று நம்பும்படி விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 1889இல் இந்தியாவுக்கும் அதே வழியில் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே இந்த முத்திரை 1880களின் கடைசிக்கு முன்னால் விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1914இல் போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு சென்னைக்கு வருவது நின்றது. மரவேலையும் பூச்சும் அந்தக் கால அளவுக்குள்தான் பொருந்துகின்றன. இதெல்லாம் சேர்ந்து காலத்தைச் சொல்லிவிட்டது: ஏறத்தாழ 1890க்கும் 1914க்கும் இடையில்.

இடம்? ஜெர்மனியில் அந்தக் காலத்தில் இந்த விலையில், இந்த வடிவில், கப்பல் கப்பலாகக் கிட்டார் அனுப்பிய பகுதி ஒன்றுதான். சாக்சனியின் தென்மேற்கு மூலையில், பொஹீமிய எல்லையை ஒட்டிய ஃபோக்ட்லாண்ட். அதன் நடுவில் மார்க்நாய்கிர்ஷன் என்ற சிற்றூர்.

அந்த ஊர் வாத்திய ஊரான கதை அகதிகளின் கதை. முப்பதாண்டுப் போருக்குப் பின், பொஹீமியாவில் ஹப்ஸ்பர்க் அரசு புராட்டஸ்டண்டுகளைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்ப நெருக்கியபோது, கிராஸ்லிட்ஸ் பகுதியிலிருந்து வயலின் செய்பவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். 1677இல் அவர்களில் பன்னிரண்டு பேர் மார்க்நாய்கிர்ஷனில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் வயலின் செய்பவர்களைச் சுற்றி வில் செய்பவர்கள், நரம்புத் தந்தி திரிப்பவர்கள், பித்தளை ஊதுகருவி செய்பவர்கள் என்று சுற்று வட்டாரமே வாத்தியத் தொழிலாயிற்று. பக்கத்து ஆடோர்ஃபில் முத்துச்சிப்பி வேலை. கிட்டாரின் ஒலித்துளையைச் சுற்றிப் பதிக்கும் சிப்பித் துண்டுகளுக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை.

கிட்டார் வந்தபோது சண்டையும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிட்டார் செய்தவர்களில் பலர் மேசை, அலமாரி செய்யும் தச்சர்கள். தந்தி வாத்தியம் செய்யும் உரிமை தங்களுக்கே என்று வயலின் சங்கத்தார் வழக்காடினார்கள். தச்சர்கள் வெறும் மரச்சாமான் செய்பவர்கள், கலை அறியாதவர்கள் என்பது அவர்கள் வாதம். அந்தத் தச்சர் குடும்பங்களில் ஒன்றில் 1796இல் பிறந்தவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின். வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாஃபரின் பட்டறையில் தொழில் கற்றவர். 1826இலும் 1832இலும் சங்கத்தாரின் புகார்கள் மேலே போயின; தச்சர்கள் தங்கள் உரிமையைக் காத்துக்கொண்டார்கள். ஆனாலும் 1833இல் மார்ட்டின் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கடை வைத்து, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். மார்ட்டின் கிட்டார் இன்றும் அங்கேயே, அந்தப் பெயரிலேயே செய்யப்படுகிறது.

மார்ட்டினின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கிட்டாரைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் அதைக் கும்பிடத்தான் செய்வேன். ஆனால் அவர் பெயர் நிலைத்ததற்குத் திறமையோடு இன்னொரு காரணமும் உண்டு. செய்த பொருளைத் தன் கடையில், தன் முத்திரையோடு, தானே விற்றார். ஊரில் தங்கிவிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு வரவர இல்லாமல் போயிற்று.

அங்கே செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் ஏற்றுமதி வியாபாரிகள் வளர்ந்தார்கள். ஊர்ப்பேச்சில் அவர்களுக்கு ஃபோர்ட்ஷிக்கர் என்று பெயர். சங்கங்களின் ஏகபோகத்தை 1862இல் சாக்சனியின் தொழில் சுதந்திரச் சட்டம் நீக்கியதும் அவர்கள் கை இன்னும் ஓங்கியது. விளக்கப் பட்டியல் அச்சிட்டு உலகமெங்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண். விலை டஜன் கணக்கில். ஆர்டர் வந்ததும் வேலை வீடு வீடாகப் பிரிந்து போகும். ஒரு வீட்டில் கழுத்து மட்டும். ஒரு வீட்டில் உடல். இன்னொரு வீட்டில் குதிரை, விரல்பலகை. பாலிஷ் போடுபவர் தனி, சாவி செய்பவர் தனி. அப்பா சீவுவார், அம்மா தேய்ப்பார், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து உதவுவார்கள். எல்லைக்கு அப்பால் ஷோன்பாக்கிலும் இதே வேலைதான். அங்கே செய்த பாகங்கள் முதுகுக் கூடையிலும் கைவண்டியிலும் எல்லை தாண்டி மார்க்நாய்கிர்ஷனுக்கு வந்தன. ஷோன்பாக் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் ஊர். ஆகவே 'ஜெர்மனி' என்ற முத்திரையின் கீழ் ஆஸ்திரிய மண்ணில் செதுக்கிய கழுத்தும் இருக்கலாம்.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1893 முதல் 1916 வரை அந்தச் சிற்றூரில் அமெரிக்கா ஒரு தூதரக அலுவலகம் நடத்தியது. அமெரிக்காவுக்குப் போகும் வாத்தியச் சரக்குக்குத் தாள் எழுதிக் கொடுப்பதே அதன் முக்கிய வேலை. வியாபாரிகளின் மாளிகைகள் இன்றும் ஊரில் நிற்கின்றன. செய்தவர்களின் பெயர்கள் சரக்கில் இல்லை. பெயர் இருந்தால் சென்னையில் வாங்குபவர் அடுத்த கிட்டாருக்கு நேரே அந்தத் தச்சருக்கே எழுதிவிடுவார் அல்லவா? வெற்று இடமாக விட்டு அனுப்பினால்தான் அந்தந்த ஊர்க் கடைக்காரர் தன் பெயரை ஒட்டிக்கொள்ளவும் வசதி. என் முன் இருக்கும் கிட்டாரில் பென்சில் எண் இருந்து பெயர் இல்லாததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நான் கருதுகிறேன். பெயர் மறந்துபோகவில்லை. எழுதாமல் விடுவதில் ஒருவருக்கு லாபம் இருந்தது.

இதே ஊர் வயலின்களைப் பாருங்கள், இது இன்னும் தெளிவாகும். உள்ளே 'அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா' என்று அச்சிட்ட லேபிள் ஒட்டிய வயலின்கள் உலகமெங்கும் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் மிகப் பல ஃபோக்ட்லாண்டிலும் பொஹீமியாவிலும் செய்தவை. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று சொல்லும் லேபிள் அது. செய்தவருக்கோ ஒரு வரிகூட இல்லை. வீட்டில் ஸ்ட்ராடிவாரியஸ் இருக்கிறது என்று கண்கள் மின்ன வருபவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதும் வருத்தமான வேலை. பெயர் இருப்பதாலேயே நம்பக் கூடாது, இல்லாததாலேயே தாழ்வும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து காலம் சொல்லும் முறையும் உண்டு. ஸ்ப்ரூஸ் பலகையின் வளையங்கள் ஒரு வருடம் அகலம், ஒரு வருடம் குறுகல் என்று வானிலையைப் பொறுத்து அமையும். காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு அதைப் பொருத்திப் பார்ப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மெசையா' வயலின் 1716இல் ஸ்ட்ராடிவாரி செய்ததுதானா என்ற சந்தேகம் கிளம்பியபோது இந்த முறைதான் கைகொடுத்தது. அதன் மேற்பலகையின் கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று தெரிந்ததால், மரம் அவர் காலத்தோடு பொருந்தியது. ஆனால் மரம் எந்த ஆண்டுக்கு முன்னால் வெட்டப்பட்டிருக்க முடியாது என்றுதான் வளையம் சொல்லும். உளியைப் பிடித்த கை யாருடையது என்று சொல்லாது.

அந்தக் கைகளின் பிற்காலக் கதை கடுமையானது. 1945க்குப் பின் ஷோன்பாக்கின் ஜெர்மன் மக்கள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் பெயர் லூபி ஆயிற்று. வெளியேறிய வாத்தியத் தொழிலாளர்களில் ஏராளமானோர் பவேரியாவில் எர்லாங்கன் நகருக்குப் பக்கத்தில் புபன்ராய்ட் என்ற கிராமத்தில் 1949 முதல் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1887இல் ஷோன்பாக்கில் கார்ல் ஹோஃப்னர் தொடங்கிய நிறுவனமும் அங்கேதான் மீண்டும் எழுந்தது. 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய வயலின் வடிவ பேஸ் கிட்டார் அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. எல்லைக்கு இந்தப் பக்கம் மார்க்நாய்கிர்ஷன் கிழக்கு ஜெர்மனியில் அகப்பட்டது. 1952இல் மியூசிமா என்ற அரசு ஆலை வந்தது. ஒரே தொழில் மூன்று நாடுகளில் சிதறியது. இப்படிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த பிறகு, ஒரு சாதாரணக் கிட்டாருக்கு ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி முடியும்?

ஆன்ட்டிக்கு நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தது இதுதான்: "ஃபோக்ட்லாண்ட், மார்க்நாய்கிர்ஷன்-ஷோன்பாக் வட்டாரம், சுமார் 1890–1914. பல வீடுகளில் பாகம் பாகமாகச் செய்தது. ஏற்றுமதிச் சரக்கு. பின்னாளில் எஃகுத் தந்தி மாட்டப்பட்டது." பேரனுக்குப் புகழ்பெற்ற பெயர் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மரத்தில் ஆதாரம் காட்ட என்னால் முடியும். ஒரு பெரிய பெயரை ஊகித்து ஒட்டினால், அந்தக் கூடை சுமந்த பெண்களையும் பாலிஷ் போட்ட கிழவர்களையும் இரண்டாம் முறை அழித்தவர்கள் ஆவோம்.

இங்கேயும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் கடையின் வேர் 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனிக்குப் போகிறது. விற்ற கடையின் வரலாறு தெரிகிறது. தஞ்சாவூரில் பலாமரம் குடைந்து வீணை செய்தவர்கள் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? வீணையை வாசித்தவர் பெயரால்தான் அழைக்கிறோம். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுத 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் வீட்டில் பழைய வாத்தியம் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பளபளப்புக்காகப் பழைய பூச்சைச் சுரண்டாதீர்கள். கழற்றிய பழைய சாவியையும் குதிரையையும் ஒரு பையில் போட்டு வாத்தியத்தோடு வையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதத்தையும் பென்சில் கோட்டையும் துடைக்காதீர்கள். யார் எங்கே வாங்கினார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். பெயர் எழுத விடாத ஒரு தொழிலில், செய்தவர்கள் விட்டுப்போன கையெழுத்து இவைதான்.