வழிப்பயணமும் வேவு விழிகளும்

புதுவைக்கு மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர். இவ்விரு கொம்யூன்களின் நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவர் வியப்படையாமல் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரரின் ஊர்களும் ஆங்கிலேயரின் ஊர்களும் பாய் முடைந்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. பாகூரிலிருந்து புதுவைக்குப் புறப்பட்டவர் வழியில் அந்நிய எல்லையை மிதித்தே ஆகவேண்டும். எல்லை இருக்குமிடத்தில் காவல் இருக்கும். காவல் இருக்குமிடத்தில், யார் எங்கே போகிறார் என்ற கேள்வியும் இருக்கும். அக்கேள்வியின் வரலாறு நெடியது.

1908இல் மகாகவி பாரதியார் புதுவைக்கு வந்தார். 1910இல் வ.வே.சு. ஐயர், முஸ்லிம் வேடம் பூண்டு, ஆங்கிலேய ஒற்றர்களின் கண்ணில் மண்ணைத் தூவி இங்கே வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்ட பின்னர் வேவு பன்மடங்காயிற்று. யார் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் குறிக்கப்பட்டன, கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. பத்தாண்டுகள் அந்நிழலில் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பர் 20 அன்று புதுவை எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையிலிருந்தார்.

கவிஞரை வேவு பார்த்த ஆட்சி எளியவரையும் விடவில்லை. 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் கீழ்ப் பதிவான மக்கள் ஊரைவிட்டு வெளியே செல்லச் சீட்டுப் பெறவேண்டும். மதுரைச் சீமையில் அதற்கு ‘ராதாரிச் சீட்டு’ என்று பெயர். ‘ராஹ்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு வழி என்பது பொருள். வழிப்போக்கனுக்கு உதவவேண்டிய சொல், வழிப்போக்கனைக் கட்டும் கயிறாயிற்று! அச்சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, பதினாறு பேர் மாண்டனர்.

நாடு விடுதலை பெற்ற பின்னும் புதுவையின் எல்லைத் தொல்லை உடனே ஒழியவில்லை. 1941ஆம் ஆண்டுச் சுங்க உடன்பாடு 1949இல் முடிவுற்றதும் எல்லையோரங்களில் சோதனைகள் பெருகின. முடிவில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். சாவடிகள் நீங்கின, வழி திறந்தது.

இன்றோ சாவடி நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கைப்பேசிச் செயலியில் வாடகை வண்டியை அழைக்கும்போது, நாம் நிற்குமிடம், போகுமிடம், நேரம் மூன்றும் நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகின்றன. ஒரு பெண்மணி எந்த மருத்துவமனைக்குப் போனார், ஒருவர் எந்த வழக்கறிஞரை நாடினார், எந்தப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதார் என்பதை அவ்வேட்டிலிருந்தே கூட்டிப் படிக்கலாம். அன்றைய ஒற்றனுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. இன்று நம்மைக் குறித்து வைப்பவருக்கு நாமே கூலி கொடுக்கிறோம்.

இது வீண் அச்சமா? ஊபர் நிறுவனத்தின் ஊழியர்கள் பயணிகளின் நடமாட்டத்தைத் திரையில் நேருக்கு நேர் பார்க்கவல்ல ஒரு கருவியை வைத்திருந்தார்கள் என்பது 2014இல் வெளிப்பட்டது. அக்கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கடவுள் பார்வை’! நியூயார்க் மாநில அரசின் விசாரணைக்குப் பிறகு, 2016 ஜனவரியில், அப்பார்வைக்குக் கட்டுப்பாடு விதிக்க நிறுவனம் உடன்பட்டது. அனைத்தையும் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. பார்ப்பவனான அவனே அடியார்களின் குறைகளை மறைக்கும் ஸத்தாராகவும் இருக்கிறான். பார்வையை மட்டும் கடன் வாங்கி, மறைக்கும் பண்பை விட்டுவிட்டவர்களை என்னென்பது?

மறுபக்கமும் உண்டு. 2014 டிசம்பரில் தில்லியில் வாடகை வண்டியில் சென்ற பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. இரவில் தனியே வரும் மகள் எங்கே வருகிறாள் என்று பாகூரிலிருக்கும் தாய் அறிய முடிவது ஓர் ஆறுதலே. எனவே, பதிவே கூடாதென்பது நம் வாதமன்று. பதிந்ததை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பவையே கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு இஸ்லாம் என்றோ அடிப்படை வகுத்துவிட்டது. துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு ஒரு வீட்டின் சுவரேறிப் பார்த்து, உள்ளே தவறு செய்துகொண்டிருந்தவனைக் கண்டித்தார்கள். அவனோ, தான் செய்தது ஒரு பிழை, கலீஃபா செய்தவை மூன்று என்றான்: வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்றுத் திரும்பிச் சென்றார்கள். பேரரசின் தலைவரே பணிந்த நெறி அது.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. எனினும், தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அச்சட்டமே தருகிறது. ஒற்றர்களால் அலைக்கழிந்த மண்ணின் மக்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நாமும் நம் கடமையைச் செய்வோம். செயலியைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே இருப்பிடம் அறிய இசைவளிக்கலாம். வேலை முடிந்ததும் அவ்விசைவை நீக்கலாம். வீட்டு வாசலைக் காட்டாமல் தெருமுனையில் ஏறி இறங்கலாம். பயணியின் வழி, அவரை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அதன் உடையவருக்கு என்றும் உண்டு.