கோலும் கல்லும்

புதுச்சேரியில் பழைய பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே மனைக்கு கதாஸ்தர் எண், ரீ-சர்வே எண் என்று இரண்டு எண். பரப்பும் அப்படித்தான்: ஆர், சாந்தியாரில் ஒரு கணக்கு, குழியில் ஒரு கணக்கு. 24 அடிக் கோலால் நாலு பக்கமும் ஒரு கோல் என்றால் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. பிரெஞ்சுக் கணக்கில் 53 ஆர் 51 சாந்தியார். பணிக்காலத்தில் இந்த மாற்றுக் கணக்கைப் போட்டுப் போட்டே என் விரல் தேய்ந்தது.

அளப்பவனின் நாணயம் நேற்று வந்த கவலை இல்லை. சோழர் காலத்துக் கோயில் சுவர்கள் சிலவற்றில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். கோல் குறைகிறதே என்று சந்தேகம் வந்தால் சுவரோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அளப்பவன் வாயை மட்டும் நம்பு என்று யாரும் சொல்லவில்லை.

1819 ஜனவரி 6-ல் நெப்போலியன் சிவில் சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. உள்ளூர் மக்களின் வழக்கங்களுக்கு அதில் இடம் விட்டிருந்தார்கள். அதன் 646-ஆம் பிரிவைப் பிரெஞ்சு வழியில் படித்த எங்களில் பலர் அறிவோம். எந்த நிலத்துக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரை எல்லைக்கல் நடுவதற்குக் கட்டாயப்படுத்தலாம். செலவு இருவருக்கும் பொது. இரண்டே வரிச் சட்டம். ஆனால் சர்வேயரின் ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்பது என் எண்ணம். ஒருவர் மட்டும் கூலி கொடுத்தால் நாடா அந்தப் பக்கம் கொஞ்சம் தாராளமாகத்தான் ஓடும்.

நான் பார்த்த ஒரு சங்கதி. வீட்டுக்காரர் பிள்ளைகளோடு பிரான்சில் இருந்தார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் தனியார் சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, சுவரும் எழுப்பிவிட்டார். ஜூலை விடுமுறைக்கு வந்தவர் தம் கொல்லையில் ஓர் அடி குறைந்திருப்பதைப் பார்த்தார். வந்த விடுமுறை வக்கீல் வீட்டிலேயே கழிந்தது. வழக்கு முடிவதற்குள் இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். அளப்பதற்கு முன் ஒரு கடிதம் போட்டிருந்தால் எவ்வளவு செலவு?

பிரெஞ்சுக் காலத்தில் வேலை பழகிய ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். அளவை முடியும்வரை எந்த வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கமாட்டார்; கூஜாவில் கொண்டு போவார். அவருடைய புலப்புத்தகத்தில் அழித்த இடமே இருக்காது. தவறான எண்ணின்மேல் ஒரு கோடு, அதற்கு மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து. அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். "ரப்பரைத் தூக்கிக் கடலில் போடு" என்பார் புதிதாக வந்த பையன்களிடம்.

அதற்கு எதிரான கதை மெஷேனுடையது. மீட்டரை நிர்ணயிக்க 1792-ல் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை அளக்கப் புறப்பட்டவர்கள் தெலாம்ப்ர், மெஷேன் இருவர். தெற்குப் பகுதி மெஷேனுக்கு. பார்சலோனாவில் இரண்டு இடங்களிலிருந்து அட்சரேகையைக் கணக்கிட்டார். மூன்று விகலை அளவுக்கு ஒத்துவரவில்லை. தரையில் அது சுமார் நூறு மீட்டர். பெரிய மோசடி ஒன்றும் இல்லை, கருவி செய்த கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தார். 1799-ல் மீட்டர் சட்டமானது, பாராட்டும் வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை போலும். மீண்டும் அளக்க ஸ்பெயினுக்கே போனவர், 1804-ல் அங்கே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

அவருடைய காகிதங்கள் தெலாம்ப்ர் கைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் நண்பரைச் சந்தையில் நிறுத்தவில்லை, காகிதங்களை எரிக்கவும் இல்லை. பாரிஸ் வானாய்வுக் கூடத்தின் ஆவணங்களில் சேர்த்து வைத்தார். அந்த மீட்டர் இருந்திருக்க வேண்டியதைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவு என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பெரிய காரணம் மெஷேன் அல்ல, பூமியின் தட்டையைத் தவறாக மதிப்பிட்டதுதான். நம் பத்திரங்களில் இருக்கும் ஆரும் சாந்தியாரும் அந்த மீட்டருக்குப் பிறந்த பிள்ளைகளே.