மதிலுக்கு வெளியே என் அத்தை

என் அப்பாவுக்கு முன்னால் ஆயாவுக்கு ஒரு பெண் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனாள். 1950-களின் தொடக்கம். பெயர் வைக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தையை மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாது என்று கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் புதைத்தார்கள். தருமபுரிப் பக்கத்து எங்கள் ஊர் அப்போது சேலம் மறைமாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மறைமாவட்டமானது 1997-இல்தான்.

அந்தக் குழந்தை லிம்போவுக்குப் போய்விட்டது என்று ஆயாவிடம் சொன்னார்கள். துன்பமும் இல்லை, கடவுளின் முகமும் இல்லை. அம்மா செத்து மோட்சம் போனாலும் பிள்ளையைப் பார்க்க முடியாது.

லிம்போ விவிலியத்தில் இல்லை. 5-ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸோடு வாதாடிய அகுஸ்தினார், ஜென்மப் பாவம் பிறப்பின் வழியே எல்லோருக்கும் வருகிறது, அதைக் கழுவாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசான தண்டனை என்றார். அந்த லேசான தண்டனையையும் தாங்க முடியாத இடைக்கால இறையியலாளர்கள் குழந்தைகளுக்கென்று ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்தார்கள். 'லிம்புஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு விளிம்பு என்றே பொருள். அங்கே குழந்தைகள் தங்கள் இழப்பை அறியாமல் இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்று அக்குவினோ தோமா எழுதினார். இரக்கத்தில் பிறந்த கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. வெறும் கருத்தாக இருந்துகொண்டே மறைக்கல்வியில் நுழைந்தது. மதில் எழுப்பியது சட்டம்: ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஆயா மருத்துவச்சி. பிழைக்காது என்று தெரிந்த எத்தனையோ குழந்தைகளின் தலையில் அவரே தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொல்லியிருக்கிறார். அது செல்லும். அவசரத்தில் பெண்ணும், ஏன், கிறிஸ்தவரல்லாதவரும்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று 1439-இல் புளோரன்ஸ் சங்கம் சொல்லியிருக்கிறது. மருத்துவச்சிகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுப்பது பங்குச் சாமியாரின் கடமை என்றது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். அதே சட்டம், ஆணும் பெண்ணும் அருகில் இருந்தால் ஆணே ஊற்றட்டும் என்றது. கூச்சத்துக்குரிய நிலையென்றால், அல்லது அவளுக்கு முறை நன்றாகத் தெரிந்திருந்தால் மட்டும் பெண். பீடத்தை நெருங்க முடியாத பெண்ணுக்குப் பேறுகால அறையில், சாவின் வாசலில், ஒரு தேவதிரவிய அனுமானம் கைக்கு வந்தது. லிம்போ என்ற பயம் கொடுத்த அதிகாரம் அது.

அப்படிப்பட்டவரின் சொந்தப் பிள்ளைக்கு ஏன் யாரும் ஊற்றவில்லை?

"எனக்கு எழுந்திரிக்க முடியல. ஊத்த வேண்டியவங்க ஊத்தல. பொட்டப்புள்ளதான, என்ன அவசரம்னு விட்டுட்டாங்க" என்றார். அடுத்துப் பிறந்த என் அப்பாவை அன்று சாயங்காலமே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை எதனால் இறந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைச் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது என்றால் ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே வேண்டாத பிள்ளை பெண்ணாக இருந்தது. கோட்பாடு ஆண், பெண் என்று பார்க்கவில்லைதான். ஆனால் யாருக்காக அவசரப்படுவது என்பதை வீடு முடிவு செய்தது. ஓரத்தில் போய்ச் சேர்ந்தவள் யார் என்பதும் அப்படித்தான் முடிவானது.

ரோமில் மாற்றம் மெதுவாக வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-இல் வந்த அடக்கச் சடங்கு நூலில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கும் செபங்கள் சேர்க்கப்பட்டன. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் லிம்போவின் பெயரையே எடுக்காமல், அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007 ஏப்ரலில் அனைத்துலக இறையியல் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது: லிம்போ மீட்பை மிகக் குறுக்கிப் பார்க்கிறது, இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு. நம்பலாம் என்றுதான் சொன்னது, நிச்சயம் என்று சொல்லவில்லை. அந்த ஆணையத்தில் முதன்முதலாகப் பெண்கள் அமர்ந்தது 2004-இல், இரண்டே பேர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் யாராவது கேட்டிருந்தால் இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்குமா என்று யோசிக்கிறேன். ஒருவேளை ஆகியிருக்கும். அந்தத் தாய்மாருக்கும் அதே பாடம்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது.

ஆனால் ஆயா அந்தப் பாடத்தை முழுசாக ஏற்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும் தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மதிலைச் சுற்றிப் போய்ப் புளியமரத்தடியில் இன்னொன்று ஏற்றுவார். ஆத்துமாக்கள் திருநாளில், லிம்போவிலிருக்கும் பிள்ளைக்குச் செபம் பயன்படாது என்று ஒரு உபதேசியார் தடுத்தாராம். "அதுக்கு இருட்டா இருக்குமே" என்று பதில் சொன்னாராம்.

2007-இல் செய்தித்தாளில் வந்ததை நான் படித்துக் காட்டினேன். லிம்போ இல்லையென்று சொல்லிவிட்டார்கள் ஆயா, என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அவள உள்ள மாத்தி வெப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புளியமரத்தையும் அதற்குள் வெட்டியிருந்தார்கள். அந்த நவம்பரிலும் மதிலைச் சுற்றிப் போனோம். காற்றில் அணையாமலிருக்க ஆயா முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, இங்கேதான் என்று ஓர் இடத்தைக் காட்டினார்.