கம்பிக்குள் ஒரு காடு



நாடு கடந்து இருக்கும் உங்களிடம் என் குரல் வந்து சேர்வது பெரும்பாலும் கடலடி வடங்கள் வழியாகத்தான். அந்த வடங்களின் பழைய கதையைத் தேடிப் படித்தபோது நான் போய் நின்ற இடம் ஒரு காடு. இன்று 'அறிவார்ந்த' நகரங்கள் சுற்றுச்சூழலுக்கு என்ன விலை கொடுக்கின்றன என்று கேட்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது என்பேன்.

1840களில் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, மலாய்க்காரர்களின் பாராங் கத்திப் பிடியைக் கவனித்தார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் மரப்பாலால் ஆனது அது. மலாயில் அதன் பெயர் கெத்தா பெர்ச்சா. மாதிரிகள் லண்டனுக்குப் போயின. அது மின்சாரத்தைக் கசியவிடாது என்பதை 1848இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துச் சொன்னார். கடல்நீரிலும் அது கெடவில்லை. தந்திக் கம்பிக்கு வேண்டிய உறை கிடைத்துவிட்டது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த வடம், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த வடம், 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த வடம், எல்லாமே இந்தப் பாலைப் போர்த்திக்கொண்டவை. கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி அதன்பின் பறந்து வந்தது.

ஆனால் இந்த மரத்தை ரப்பர் மரம்போல நாள்தோறும் கீறிப் பால் எடுக்க முடியாது. கீறிய இடத்திலேயே பால் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி வடித்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. அட்லாண்டிக் வடம் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான டன் வேண்டியிருந்தது. எத்தனை மரங்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் காடுகளில் மரம் அருகியதும் கோடரி ஜொகூர், சுமத்ரா, போர்னியோ என்று நகர்ந்தது. 1885இல் டச்சுக்காரர்கள் ஜாவாவின் சிபெத்திரில் இதற்கெனத் தோட்டம் போட்டார்கள். மரத்தை வெட்டாமல் இலையிலிருந்தே பால் எடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. மரத்தை நிற்கவிட்டே பால் எடுக்கலாம் என்ற யோசனை, காடுகள் போன பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014இல் சிங்கப்பூர் 'அறிவார்ந்த தேசம்' திட்டத்தைத் தொடங்கியது. உணர்கருவிகள், கேமராக்கள், கைபேசிச் செயலிகள் எல்லாம் சேர்க்கும் தகவல் எங்கோ தங்க வேண்டும் அல்லவா? தங்குமிடம் தரவு நிலையங்கள். வங்கிகளும் உலக நிறுவனங்களும் அங்கேதான் இடம் பிடித்திருக்கின்றன. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு அவற்றுக்கே போனது. அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. வெப்பமண்டலத் தீவில் இயந்திரங்களைக் குளிர்விப்பதே தனிச் செலவு. 2019இல் அரசு புதிய நிலையங்களை நிறுத்திவைத்தது. 2022 ஜனவரியில் கடுமையான நிபந்தனைகளுடன் மீண்டும் வழிவிட்டது. மறு ஆண்டு, அறை வெப்பநிலையை 26 டிகிரிக்கு மேல் வைத்தே இயந்திரங்களை இயக்கலாம் என்று வழிகாட்டி ஒன்றும் வந்தது. நல்ல முயற்சிதான்.

ஆனால் தேவை காத்திருக்கவில்லை, பாலத்தைக் கடந்து ஜொகூருக்குப் போனது. இன்று அங்கே தரவு நிலையங்கள் வரிசையாக எழுகின்றன. நிலம், மின்சாரம், நீர் எல்லாம் அந்த ஊருடையவை. கோடரி போன பாதையேதான் இது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்லன். தந்தி உயிர்களைக் காத்தது. உணர்கருவி குழாயில் கசியும் நீரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் சேமித்ததை நகரத்தின் கணக்கிலும் செலவழித்ததை அண்டை ஊரின் கணக்கிலும் எழுதினால் அது கணக்கே அல்ல. நீங்கள் வாழும் நகரம் அடுத்த 'அறிவார்ந்த' சேவையை அறிவிக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதற்கான மின்சாரமும் தண்ணீரும் யாருடைய ஊரிலிருந்து வருகின்றன?