திருச்சிப் பாறையின் கொஸ்மாட்டிசெராஸ்

கொஸ்மாட்டிசெராஸ் ஏறக்குறைய 8.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியக் கரையோரக் கடலில் வாழ்ந்து அற்றுப்போன அம்மோனைட்டுச் சாதி. கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவு. ஆனால் உடலை உள்ளடக்கும் சுருள் ஓடு உண்டு.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் இது அகப்படாது. கொழும்பின் அடியில் இருப்பது அம்மோனைட்டுகள் தோன்றுமுன்பே வெந்து உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கும் அப்படித்தான். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லோ அவை அழிந்து நெடுங்காலத்துக்குப் பின் படிந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவ படிவுகள் அம்மோனைட்டுகள் வாழ்ந்த காலத்தவைதான், ஆனால் கொஸ்மாட்டிசெராசுக்கு முந்தியவை. அதோடு அங்கே கிடைப்பவை தரைத் தாவரங்களின் சுவடுகள். ஆகவே கொழும்பிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்குள் உள்ள தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமே போகவேண்டும்.

அங்கே 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய உயிர்ச்சுவடுகளை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இல் இலண்டனில் விவரித்தார். பின்பு நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். 1862 இல் கல்கத்தாவுக்கு வந்த மொராவியர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, திருச்சிராப்பள்ளித் தொகுதியின் ஓர் ஓட்டுக்கு 1865 இல் ‘அம்மோனைட்டீஸ் தியோபால்டியானஸ்’ எனப் பெயரிட்டார். அக்காலத்தில் அம்மோனைட்டு எதுவானாலும் பெரும்பாலும் அந்த ஒரே சாதிக்குள்தான் அடைக்கப்பட்டது. 1890களில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கொஸ்மாட் தென்னிந்திய ஓடுகளை மீண்டும் ஆராய்ந்தார். 1901 இல் பிரெஞ்சு அறிஞர் த குரோசூவ்ர் இவ்வினத்தைத் தனிச் சாதியாகப் பிரித்து, கொஸ்மாட்டின் பெயரையே சூட்டினார். கண்டெடுத்த மண்ணின் பெயர் இதில் எங்கும் இல்லை என்பது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

ஓட்டின் சுற்றுகள் ஒரே தளத்தில் சுருண்டவை. நடுக் குழியின் விளிம்பில் சிறு குமிழ்கள். அவற்றிலிருந்து மெல்லிய வரிகள் கிளைத்து வெளிப்புறம் ஏறுகின்றன. அடையாளம் காண உதவுவது இடையிடையே விழும் ஆழமான இடுக்குகள். அவை வரிகளோடு ஒத்துப்போகாமல் சரிந்து குறுக்கே வெட்டுவதால், பல வரிகள் இடுக்கின் ஓரத்தில் சட்டென முடிந்துவிடுகின்றன. மேலோடு உரிந்த அச்சுகளில் அறைச் சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய கோடு தெரியும். அது இலை நுனிபோல் நெளிந்திருக்கும். இன்றும் வாழும் ஓடுடைய உறவினரான நோட்டிலசில் அக்கோடு எளிய வளைவு மட்டுமே. அறைகளை இணைக்கும் குழாயும் நோட்டிலசில் நடுவே செல்கிறது. அம்மோனைட்டில் வெளி விளிம்பையொட்டிச் செல்கிறது.

இதே குடும்பத்து ஓடுகள் மடகாஸ்கர், நியூசிலாந்து, அந்தாட்டிக்கா வரை கிடைக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டுகள் அடியோடு மறைந்தன. அரியலூர்ப் பகுதியின் உயிர்ச்சுவடுகளை நேரில் காண விரும்புவோருக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் உண்டு.